சீல் வைத்த தண்ணீர்

ஆம்பூர்
10 பிப்ரவரி 2025

தமிழினி அவர்களுக்கு,

வணக்கம். மாதனூரில் எங்கள் கம்பெனி கட்டியிருக்கும் புதிய பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பொருத்தி முடித்துவிட்டதாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சந்தோஷம். இனி அது என் மேஜைக்கு வர வேண்டும். என் பெயர் அஃப்ஸர் ஜஹான். சரக்கு ஏற்புப் பிரிவு என் பொறுப்பு. தோல், நூல், பசை, அட்டைப்பெட்டி என்று இந்தக் கம்பெனிக்குள் எது வந்தாலும், "ஏற்கப்பட்டது" என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது எங்களுடையது. அதுவரை அது உங்கள் பொருள், எங்கள் இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் முறை எளிமையானது. ஒரு லாட் தோல் வாங்கினால் அதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவோம். நமூனா என்போம். அதன் நடுவில் விற்பவரும் நாங்களும் கையெழுத்துப் போட்டு, கையெழுத்தோடு சேர்த்து இரண்டாக வெட்டி, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வோம். எங்கள் பாதி அரக்கு சீலோடு என் பீரோவில் ஒரு வருஷம் இருக்கும். நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தால் போதும். தண்ணீரை வெட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பி, மூடிக்கு நூல் சுற்றி, அரக்கு வைத்து அனுப்புங்கள். அது பாஸானால் பீரோவுக்கு இன்னொன்று.

மூன்று முறை போன் செய்திருக்கிறீர்கள். எடுக்காததற்கு மன்னிக்கவும். சரக்கை ஏற்கும்வரை சப்ளையரிடம் நான் போனில் பேசுவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், 1999-ல், ஒருவர் போனில் தேனாகப் பேசி, வெள்ளாட்டுத் தோல் என்று செம்மறித் தோலை இறக்கிவிட்டுப் போனார். குரல் ஃபைலில் நிற்காது. காகிதம் நிற்கும்.

காலையில் மாதனூரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம். டிரைவர் அமீர் பாஷா இதுவரை எதையும் தொலைத்ததில்லை. சில ஸ்டாப்பில் நிறுத்தாமல் போவார், அது வேறு விஷயம்.

அஃப்ஸர் ஜஹான்


மாதனூர்
11 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய மேடம்,

பாட்டில் அனுப்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பாட்டிலில் வருவது இந்த இயந்திரத்தின் தண்ணீராக இருக்காது. ஏன் என்று சொல்ல அனுமதியுங்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பு இரண்டு வகைத் துகள்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு வகைக்கு நேர் மின்சுமை, இன்னொன்றுக்கு எதிர் மின்சுமை. உங்கள் கம்பெனியில் ஷிப்ட் விட்டதும் முற்றத்தில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டு பஸ் ஒரு பக்கம், மாதனூர் பஸ் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேட். ஒரு கேட் பேரணாம்பட்டு ஆட்களை மட்டுமே விடும், மற்றது மாதனூர் ஆட்களை மட்டுமே. எல்லாரையும் அவரவர் பஸ் இழுக்கிறது. கொஞ்ச நேரத்தில் முற்றம் காலி. என் இயந்திரத்தில் பஸ் என்பது மின்சாரம். கேட் என்பது இரண்டு சவ்வுகள். நடுவே முற்றம் முழுக்கக் கடுகு போலப் பிசின் மணிகள். துகள்கள் அவற்றின் மேல் படி படியாகத் தாவித் தாவி கேட்டுக்குப் போகின்றன. வெளியே போன உப்பு ஒரு சிறு ஓடையாகக் கழிவுக் குழாயில் போய்விடும்.

பழைய முறையிலும் இதே மணிகள்தான். ஆனால் அவை உப்பால் நிறைந்ததும் அமிலமும் காரமும் ஊற்றிக் கழுவ வேண்டும். இங்கே மின்சாரம் தண்ணீரையே கொஞ்சம் உடைத்து அதைக் கொண்டே மணிகளைக் கழுவிவிடுகிறது. அமில டிரம் கிடையாது. நம் ஊரில் ஒரு அமில டிரம் கம்மியாவது சின்ன விஷயம் இல்லை.

தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்து அதன் சுத்தத்தை அளக்கிறோம். எண் குறையக் குறைய நல்லது. மாதனூர் போர் தண்ணீர் 2900. கடையில் வாங்கும் கேன் தண்ணீர் 60. ஒப்பந்தப்படி நான் தர வேண்டியது 0.1 அல்லது அதற்கும் கீழே. நேற்று வந்தது 0.06. வெளிநாட்டுக்குப் போகும் ஷூவில் கண்ணுக்குத் தெரியாத அளவு குரோமியம் இருக்கிறதா என்று இந்தக் கூடம் தேடப்போகிறது. தேடுகிற தண்ணீரிலேயே ஏதாவது இருந்தால், இருப்பது ஷூவிலா தண்ணீரிலா என்று தெரியாது.

சிக்கல் இதுதான். இவ்வளவு வெறுமையான தண்ணீர் காற்றைத் தொட்டால் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். உங்கள் மேஜைக்கு வரும்போது எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் மீட்டரைக் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கிறோம். ஓடும்போதுதான் பார்க்க முடியும். ஒரு முறை வந்து பாருங்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. விருப்பமில்லாமல்தான் எழுதுகிறேன். 28-ஆம் தேதிக்குள் உங்கள் கையெழுத்து வராவிட்டால் எங்கள் முதலாளி இந்த இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய அமில முறையையே வைத்துவிடுவார். வசந்த் என்பவர் அதற்காக வருவார். நான் சென்னை ஆபீஸில் பழையபடி கொட்டேஷன் தட்டச்சு செய்வேன். நான் தனியாக நிறுத்திய முதல் இயந்திரம் இது.

தமிழினி


ஆம்பூர்
13 பிப்ரவரி 2025

தமிழினி அவர்களுக்கு,

நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள். முற்றமும் பஸ்ஸும் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் சாயப் பிரிவில் தண்ணீர் பார்க்கும் முஸம்மிலிடம் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் என்னை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டுவிட்டு, "ஆபா, நம்ம கேட்டுல ஒரு நாளாவது அப்படி ஒழுங்கா போயிருக்காங்களா? அந்த மேடத்த சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு தரம் வந்து நிக்கச் சொல்லுங்க" என்றான்.

விஷயத்துக்கு வருகிறேன். மீட்டர் யாருடையது? உங்களுடையது. பொருத்தியது யார்? நீங்கள். எண்ணை வாசிப்பது யார்? நீங்கள். பைபாஸ் ரோட்டில் ஆப்பிள் விற்பவர்கூடத் தன் தராசுதான் சரியென்று சத்தியம் செய்வார். நான் பை நிறைய வாங்கி வீட்டில் நிறுத்துப் பார்ப்பேன். இது உங்கள் மேல் சந்தேகம் இல்லை. எல்லார் மேலும் சந்தேகம். இருபத்தாறு வருஷமாக எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

28-ஆம் தேதியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நல்ல தோலுக்குக் கதை தேவையில்லை. கெட்ட தோலைக் கொண்டுவருகிறவர்கள்தான் முதலில் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள்.

பாட்டில் திங்கட்கிழமைக்குள் வரட்டும்.

அஃப்ஸர் ஜஹான்


மாதனூர்
14 பிப்ரவரி 2025

மேடம்,

பாட்டில் அனுப்பியிருக்கிறேன். என் ஆட்சேபத்தோடு அனுப்பியிருக்கிறேன் என்பதைத் தயவுசெய்து ஃபைலில் குறித்துக்கொள்ளவும்.

குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, பத்து நிமிஷம் வழியவிட்டு, ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் மூடினேன். அரக்கு மாதனூரில் கிடைக்கவில்லை. போஸ்ட் ஆபீஸில் கெஞ்சி ஒரு கட்டி வாங்கினேன். தண்ணீருக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பிறகு அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் டிரைவர் மட்டும் கேட்டார்.

"இன்னா மேடம் இது, சீலெல்லாம் வெச்சு? மெக்கா ஜம்ஜம் தண்ணியா?"

"இல்லண்ணா. உப்பு எடுத்த தண்ணி."

"உப்பு எடுக்கவா அவ்ளோ பெரிய மிஷினு? எங்க வூட்டுக்காரி கொழம்புல உப்பு போட மறந்தாலே முடிஞ்சிது."

அவர் அதைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் துண்டு சுற்றி வைத்தபோது எனக்கு ஏனோ பள்ளிக்கு முதல் நாள் அனுப்புகிற மாதிரி இருந்தது. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வந்தவுடன், சீலை உடைத்த அதே நிமிஷத்தில் அளக்கச் சொல்லுங்கள். டம்ளரில் ஊற்ற வேண்டாம்.

28-ஆம் தேதியைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

தமிழினி


ஆம்பூர்
17 பிப்ரவரி 2025

தமிழினி அவர்களுக்கு,

பாட்டில் கிடைத்தது. சீல் நன்றாக இருந்தது. போஸ்ட் ஆபீஸ் அரக்கு நம்முடையதைவிட உயர்ந்த ரகம்.

வெள்ளிக்கிழமை தொழுகை, பிறகு இரண்டு லாரி லைனிங் தோல். எனவே இன்று காலைதான் பிரித்தோம். முஸம்மில் டம்ளரில் ஊற்றித்தான் அளந்தான். அவன் மீட்டர் பாட்டில் கழுத்துக்குள் போகவில்லை. எண் 1.1. ஒப்பந்தம் 0.1. பதினோரு மடங்கு ஜாஸ்தி.

ஒன்றுக்குப் பக்கத்தில் வரும் என்று நீங்கள் முன்பே சொன்னது பலித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரக்கு கெடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கெட்ட சரக்கு நல்ல சரக்காகிவிடுமா? லாட் சரியில்லை என்றால் எங்களுக்குத் தோல் தருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எங்க கிட்ட நல்லாத்தான் இருந்துச்சு ஆபா, வழியில காத்து பட்டுடுச்சு." உங்களுடையதும் அதே காற்றுதான்.

மறுப்புப் படிவம் இணைத்திருக்கிறேன். தோலுக்கான படிவத்தைத் தவிர என்னிடம் வேறு இல்லை. ஆகவே அதிலேயே நிரப்பினேன். நிறம்: இல்லை. நாற்றம்: இல்லை. தடிமன்: பாட்டிலைப் பொறுத்தது. கத்தி வெட்டு: இல்லை. உண்ணிக் கடித் தடம்: இல்லை. மிருதுத்தன்மை: தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. முடிவு: மறுக்கப்பட்டது. உண்மையைச் சொன்னால், இவ்வளவு குறைவான குறைகளோடு எதையும் நான் இதுவரை மறுத்ததில்லை.

இன்னொரு சந்தேகம். நூறு லிட்டர் உள்ளே போனால் தொண்ணூறுதான் நல்ல தண்ணீராக வருகிறது, பத்து லிட்டர் சாக்கடைக்குப் போகிறது என்று உங்கள் விவரக் குறிப்பில் படித்தேன். கோடையில் ஒரு குடத்துக்கு நம் ஊர்ப் பெண்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று மாதனூரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அஃப்ஸர் ஜஹான்


மாதனூர்
18 பிப்ரவரி 2025

மேடம்,

வெள்ளிக்கிழமை அனுப்பியதைத் திங்கட்கிழமை பிரித்து, டம்ளரில் ஊற்றி, ஆற அமர அளந்து, படிவத்தில் உண்ணிக் கடி பார்த்திருக்கிறீர்கள். நன்றி. என் தண்ணீரை இதுவரை யாரும் அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை.

தோல் லாரியில் கெடலாம், கெடாமலும் இருக்கலாம். அதனால் வியாபாரி சொல்வதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. தண்ணீர் காற்றை இழுப்பது வியாபாரி சொல்வதல்ல. உலகத்தில் எந்த ஊர் மேஜையில் வைத்தாலும் அது ஒன்றுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். உங்களுக்கு வந்த 1.1 என் தண்ணீரின் எண் இல்லை. உங்கள் அறைக் காற்றின் எண். நீங்கள் மறுத்திருப்பது உங்கள் அறைக் காற்றை.

இதற்கு மேல் நிதானமாக எழுத முடியவில்லை. ஆனாலும் இரண்டு விஷயம்.

ஒன்று, இன்னொரு பாட்டில் நாளை வரும். இந்த முறை வாய் அகலமான பாட்டில். முஸம்மிலின் மீட்டர் உள்ளே போகும். காலை பஸ்ஸில் வருவதைக் காலையிலேயே பார்க்க வேண்டும்.

இரண்டு, கழிவைப் பற்றி. பத்து என்று எழுதியிருந்தீர்கள். அந்த வால்வை இன்று பாதி மூடிவிட்டேன். இனிமேல் ஐந்துதான். குடத்தோடு நிற்கிற பெண்களைப் பற்றி எனக்கும் தெரியும். நானும் நின்றவள்தான்.

தமிழினி


ஆம்பூர்
21 பிப்ரவரி 2025

தமிழினி அவர்களுக்கு,

உங்கள் கோபம் கிடைத்தது. பாட்டிலும் கிடைத்தது, ஒரு கதையோடு.

புதன்கிழமை காலை எட்டரைக்கே முஸம்மிலை மீட்டரோடு கம்பெனி கேட்டுக்கு அனுப்பிவிட்டேன். பஸ் நின்றதும் அங்கேயே மீட்டரை உள்ளே விட்டான். எண் 34. ஒரு முறை துடைத்துவிட்டுப் பார்த்தான். 34. முந்தின நாள் நீங்கள் எழுதியதை அவனிடம் காட்டியிருந்தேன். "ஆபா, காத்துல ஒண்ணு வரும்னாங்க. முப்பத்தி நாலு வரணும்னா பஸ்ஸுல புயல்தான் அடிச்சிருக்கணும்" என்றான்.

ஒரு மறுப்புப் படிவம் எழுதி, உண்ணிக் கடி வரை வந்துவிட்டேன். அப்போது தையல் பிரிவிலிருந்து பூவம்மாள் வந்து கதவருகில் நின்றாள். மாதனூர் பஸ்ஸில் வருகிறவள், பதினெட்டு வருஷமாக ஷூ மேல்பாகம் தைக்கிறாள்.

"ஆபா, அந்த பாட்டிலு நான்தான்."

"இன்னா நீதான்?"

"விக்கல் வந்துச்சு ஆபா. பாதி வழியில ஆரம்பிச்சு நிக்கவே இல்ல. என் கேன வூட்ல வெச்சுட்டு வந்துட்டேன். டிரைவர் பக்கத்துல தண்ணி இருந்துச்சு. ஒரு வாய்தான். அப்புறம் பாத்தா அரக்கு ஒடஞ்சிருக்கு. பயந்துட்டேன். பக்கத்து சீட்டு கேன்லேர்ந்து கொஞ்சம் ஊத்தி, அரக்க பீடி லைட்டர்ல உருக்கி ஒட்டிட்டேன்."

"லைட்டர் யாருது?"

"அத கேக்காதீங்க ஆபா."

விக்கல் நின்றதா என்று கேட்டேன். நிற்கவில்லையாம். "டேஸ்டே இல்ல ஆபா, வாயில ஒண்ணுமே இல்லாத மாதிரி. இதுக்கா சீல் வெச்சாங்க?" என்றாள்.

நான் கேட்கவில்லை, கண்டுபிடிக்கவும் இல்லை. சீல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. தையல்காரி கை. அவளாக வந்து சொன்னாள். இந்தத் தண்ணீர் விவகாரத்தில் தன் தப்பைத் தானாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். நான் சொல்லவில்லை. டம்ளரில் ஊற்றியது தப்பு என்று நீங்கள் எழுதிய பிறகு எனக்கும் சந்தேகம் வந்து, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு கேன் வாங்கி, டம்ளரிலும் பாட்டிலிலும் ஊற்றிப் பார்த்தேன். இரண்டும் 4. அதில் ஒன்றும் தெரியவில்லை. அதை உங்களிடம் சொல்லவும் இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தப் பாட்டிலை நான் மறுக்கவில்லை. ஏற்கவும் இல்லை. 28-க்கு ஒரு வாரம் இருக்கிறது.

அஃப்ஸர் ஜஹான்


மாதனூர்
22 பிப்ரவரி 2025

மேடம்,

இந்தக் கடிதத்தை நேற்று ஒரு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் பூவம்மாளைப் பற்றி மட்டும் வேடிக்கையாக எழுதியிருந்தேன். அது பாதிக் கடிதம்.

கழிவு வால்வைப் பாதி மூடியதாகப் பெருமையாக எழுதியிருந்தேன். அது தப்பு. கழிவுப் பக்கம் ஓட்டம் குறைந்தால் அங்கே உப்பு திரளும். வெளியேறிய உப்பு கேட்டுக்கு வெளியே நெரிசலாக நிற்கும். அதில் கொஞ்சம் சவ்வைக் கடந்து திரும்ப உள்ளே வரும். இது எனக்குத் தெரியாததல்ல. நான் பயிற்சி எடுத்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது. கோபத்தில் மறக்கவில்லை. கோபத்தில், ஒரு வாரம் தாங்கும், அதற்குள் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

தாங்கவில்லை. 18-ஆம் தேதி மாலை 0.06. மறுநாள் காலை 0.2. நேற்று 0.4. பூவம்மாள் குடித்தது 0.2 தண்ணீர். அவர் குடிக்காமல் இருந்து, நீங்கள் குழாய்க்குள்ளேயே அளந்திருந்தாலும் அது ஃபெயில்தான். புதன்கிழமை உங்களிடம் வந்தது கெட்ட சரக்கு. அனுப்பும்போது எனக்கு அது தெரியும். பாட்டிலில் எப்படியும் தெரியப்போவதில்லை என்பதும் தெரியும்.

வால்வை நேற்று மாலை திறந்துவிட்டேன். பழையபடி பத்து லிட்டர் போகிறது. அந்தப் பத்தை இனி கக்கூஸ் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் திருப்பக் குழாய் போட்டிருக்கிறேன். உள்ளே போகும் தண்ணீர் ஏற்கெனவே ஒரு முறை வடிகட்டியது. ஆகவே இந்தக் கழிவுகூட நம் போர் தண்ணீரைவிட நல்லது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மூடுவதற்கு பதில்.

மணிகள் தங்களைத் தாங்களே கழுவிக்கொண்டு பழைய நிலைக்கு வர நாலைந்து நாள் ஆகும், இன்னும் ஜாஸ்தியும் ஆகலாம். 28-க்குள் 0.1 வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இதை எங்கள் முதலாளிக்கும் எழுதியிருக்கிறேன்.

பாட்டில் இனி அனுப்பவில்லை.

தமிழினி


ஆம்பூர்
24 பிப்ரவரி 2025

தமிழினிக்கு,

என் பீரோவில் நானூறுக்கும் மேல் நமூனா இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதக் கட்டு. நான் கண்டுபிடிக்காத குறையை விற்பவரே எழுதியனுப்பிய கடிதம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. இன்று காலை இரண்டு மணி நேரம் தேடினேன். தேடுவதற்கு அவசியமில்லை, எனக்கே தெரியும். ஆனாலும் தேடினேன்.

வெள்ளிக்கிழமை காலை நானே வருகிறேன். முஸம்மிலும் வருவான். மீட்டர் எங்களுடையது. குழாய்க்குள் பொருத்துகிற மாதிரி ஒரு மூக்கு செய்யச் சொல்லியிருக்கிறேன். சலுகை ஏதும் கிடையாது. 0.1 என்றால் 0.1. வராவிட்டால் படிவம் எழுதுவேன், உண்ணிக் கடி வரைக்கும்.

சாப்பாடு நான் கொண்டுவருகிறேன். நீங்கள் குஸ்கா சாப்பிடுவீர்களா, அல்லது அதையும் ஓடும்போதுதான் பார்க்க வேண்டுமா?

அஃப்ஸர் ஜஹான்


மாதனூர்
27 பிப்ரவரி 2025

மேடம்,

திங்கள் 0.31. செவ்வாய் 0.22. நேற்று 0.16. இன்று மாலை நாலு மணிக்கு 0.14. ஒவ்வொரு மணி நேரமும் போய்ப் பார்க்கிறேன். பார்ப்பதால் குறையாது என்று தெரியும்.

நாளைக்கு வராமலும் போகலாம். அப்படியானால் நீங்கள் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். வசந்த் சென்னையில் வண்டி ஏறத் தயாராக இருக்கிறார்.

குஸ்கா சாப்பிடுவேன்.

தமிழினி


ஆம்பூர்
1 மார்ச் 2025

தமிழினி மா,

நேற்று நடந்ததை ஃபைலுக்காக எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு எங்கள் மீட்டர் 0.09 காட்டியது. என் தராசு, என் கண். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். நீ என்ன சொன்னாய்? "வேணாம் ஆபா. என் மீட்டர் இன்னும் 0.12ல இருக்கு. உங்களது சாயத் தண்ணி பாக்குற மீட்டரு, இவ்ளோ கீழ வந்தா தடுமாறும். எப்ப சரிபார்த்தீங்க?" முஸம்மில் என்னைப் பார்த்தான், நான் முஸம்மிலைப் பார்த்தேன். போன ரம்ஜானுக்கு முன்னால் என்றான். "அப்ப செல்லாது" என்று பேனாவை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டாய். வாங்குகிறவள் பாஸ் என்கிறாள், விற்கிறவள் ஃபெயில் என்கிறாள். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு தகராறு எனக்கு வந்ததில்லை. இதற்கு எங்களிடம் படிவமும் இல்லை.

பிற்பகலில் டம்ளருக்கும் குழாய்க்கும் நடுவே நான் செய்ததை யாரிடமும் சொல்லாதே. குழாயை டம்ளரின் அடியில் விட்டு வழியவிட்டால் எண் இறங்குகிறது. எடுத்துவிட்டால் கண்ணெதிரே ஏறுகிறது. 0.3, 0.5, 0.8. மூச்சு விடாமல் பார்த்தேன், என் மூச்சுக் காற்றுதான் ஏற்றுகிறதோ என்று. நாற்பது நிமிஷம் என்று முஸம்மில் சொல்கிறான். பொய். அரை மணிதான். நீ மூன்று கடிதத்தில் எழுதியது அதுதான். ஒரு முறை கையால் செய்திருந்தால் மூன்று கடிதம் மிச்சம்.

நாலு நாற்பதுக்கு உன் மீட்டர் 0.10 வந்தது. மறுபடி பேனாவைத் திறந்தேன். "ஒரு மணி நேரம் நிக்குதான்னு பாக்கணும் ஆபா" என்றாய். வெளியே கார் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். உன் போனில் வசந்த் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நீ எடுக்கவில்லை. சரக்கு ஏற்கும்வரை போனில் பேசுவதில்லை என்று முஸம்மிலிடம் சொன்னாயாம். ஐந்து நாற்பதுக்கு 0.09. இரண்டு மீட்டரிலும் 0.09. அந்த ஒரு நிமிஷம் இரண்டும் ஒத்துப்போனது தற்செயல்தான் என்று நீ சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி. "நமூனா வைக்கப்பட்டுள்ள இடம்." மாதனூர், குழாய்க்குள், ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். கணக்குப் பிரிவு கேள்வி கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இயந்திரம் இனி எங்களுடையது. ஆனால் பராமரிப்பு ஒரு வருஷம் உங்கள் கம்பெனியுடையது. அதற்கு ஆள் நீதான் வேண்டும் என்று உங்கள் முதலாளிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். காகிதத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நான் போனை எடுப்பேன்.

ஆபா


மாதனூர்
3 மார்ச் 2025

ஆபாவுக்கு,

முதலாளி போன் செய்தார். மாதனூருக்கு நானே என்று முடிவாகிவிட்டது. அடுத்து நெமிலிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனி. அங்கேயும் ஒரு இயந்திரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறார், தனியாக. வசந்த் சென்னையில் கொட்டேஷன் தட்டச்சு செய்கிறார். அவர் என்னைவிட வேகமாக அடிப்பார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

நேற்று உங்கள் வீட்டிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் அக்கா, தங்கைகள் எல்லாரும் இருந்ததால் சொல்ல முடியவில்லை. போனிலும் சொல்லியிருக்கலாம். காகிதமே மேல் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை, உள்ளே வரும் தண்ணீரின் சுண்ணாம்பை எடுக்கும் தொட்டியில் (அதைக் கழுவ உப்புத்தான் வேண்டும்) உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டு மணி நேரம். சந்தோஷத்தில்தான். எண் அசையவில்லை. இயந்திரத்துக்குச் சேதம் இல்லை. நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. முஸம்மிலுக்கும் தெரிந்திருக்காது. தொட்டிக்கு மேல் சுவரில் இப்போது நேரம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்று காலை 0.07. வேறு குறை ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதுகிறேன்.

தமிழினி